அடியிலிருந்து எடுத்த தாள்

எட்டுமடிப்பு அக்காவை நான் முதன்முதலில் பார்த்தது, ஒரு தப்பைக் கண்டுபிடித்துவிட்ட பெருமையோடு அவர் முன்னால் போய் நின்றபோது.

வேலைக்குச் சேர்ந்து நாலாம் நாள். கணிதத்தில் பட்டம் வாங்கியவன் நான். எங்கள் வீட்டில் மட்டுமல்ல, எங்கள் தெருவிலேயே கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். கிடைத்த வேலை, மருந்துப் பெட்டிக்குள் வைக்கிற தாள்களை மடித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் தரம் பார்ப்பது. தலைவலி மாத்திரை வாங்கினால் உள்ளே விரல் அகலத்துக்கு மடித்து ஒரு தாள் இருக்குமே, பிரித்தால் விரிந்துகொண்டே போகுமே, யாரும் படிக்காமல் தூக்கிப் போடுவார்களே, அதுதான். மகா மெல்லிய தாள். இந்தப் பக்கம் அச்சடித்தது அந்தப் பக்கம் தெரியும். அங்கிருந்த பழைய இயந்திரத்தில் விட்டால் சுருண்டு சிக்கிக்கொள்ளும். அதனால் ஒன்பது பெண்கள் இரண்டு ஷிப்டாக நீள மேசையில் உட்கார்ந்து கையால் மடித்தார்கள். விரலுக்கு ரப்பர் உறை, மடிப்பைத் தேய்க்க வழுவழுப்பான ஒரு மரக்கட்டை, நூறு நூறாக அடுக்க ஒரு தட்டு. நான் நூறில் ஒன்றை உருவிப் பிரித்து, எட்டுக் கட்டங்களும் ஒன்றிலிருந்து எட்டுவரை வரிசையாக வருகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

அக்காவின் தட்டில் உருவிய தாளில் மூன்றாம் கட்டத்தைப் புரட்டினால் ஐந்தாம் கட்டம் வந்தது. அடுத்ததிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். முழுத் தட்டையும் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன்.

"மடிப்புல தப்பில்ல தம்பி. அச்சுல தப்பு," என்றார் நிமிராமல். "கட்டத்த மாத்தி அடிச்சுட்டாங்க. இந்த மாதிரி அடிச்சா எந்தக் கொம்பன் வந்து மடிச்சாலும் வரிசையா வராது."

"வராதுன்னு எப்படிக்கா சொல்றீங்க? முறையா மடிச்சா எல்லாம் வரும்."

மேசை சிரித்தது. மடிப்பதோடு பெட்டிகளுக்குப் பசையும் தடவுகிற பசையக்கா, "காலேஜு சொல்லுது, எழுதி வெச்சுக்கங்கடி," என்றார்.

எட்டுமடிப்பு அக்கா ஒரு புதுத் தாளை என் பக்கம் தள்ளினார். "உக்காருங்க. வந்துச்சுன்னா ஒரு குரல் குடுங்க."

இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். சாப்பாட்டு மணி அடித்தபோது என் கையில் இருந்தது தாள் இல்லை, கசக்கிப் பிழிந்த கந்தல். அவர் சொன்னதுதான் சரி. இருபதாயிரம் தாள்கள் அச்சகத்துக்குத் திரும்பிப் போயின. எந்நேரமும் கையில் இரும்பு ஸ்கேலோடு திரிவதால் ஸ்கேல் என்று பேர் வாங்கிய எங்கள் மேனேஜர், போனில் அச்சகக்காரனிடம், "பாத்த உடனே நான் பிடிச்சுட்டேன்," என்றார். அன்றிலிருந்து எனக்கு அங்கே பெயர் 'கணக்கு'.

அக்காவுக்கு அப்போது முப்பத்துநாலு வயது. ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. இந்தப் பித்து அவரைப் பிடித்ததே ஒரு திட்டு வாங்கியதால்தான். சேர்ந்த புதிதில் தாளைத் தப்பாக மடித்துவிட்டார் என்று ஸ்கேல் நிற்க வைத்துப் பேசியிருக்கிறார். எங்கே தப்பினோம் என்று பார்க்க, கழிவுத் தாள் ஒன்றில் கட்டம் கட்டமாக எண் எழுதி மடித்துப் பார்த்திருக்கிறார். பிறகு எண்ணை இடம் மாற்றி எழுதி மடித்திருக்கிறார். பிறகு நிறுத்தவில்லை. நாலு கட்டம் உள்ள ஒரு நாடாவில் ஒன்று முதல் நாலுவரை இருபத்துநாலு விதமாக எழுதலாம். அதில் பதினாறு விதம் மடித்தால் வரிசைக்கு வரும், எட்டு விதம் தலைகீழாக நின்றாலும் வராது என்று என்னிடம் ஒரு நாள் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் சாதாரணமாகச் சொன்னார். நான் ஒரு வாரம் சாப்பாட்டு நேரத்தில் எழுதிப் பார்த்துச் சரிதான் என்று கண்டேன். கல்லூரியில் எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர்கள் யாரும் இல்லை. அவருக்கு எண்ணத் தெரிந்ததே விரலை விட்டுத்தான்.

இதைப் படித்துவிட்டு அவரை நல்லவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இப்படி எண்ணை மாற்றி எழுதி அவர் செய்கிற புதிர்களில் பாதி மடித்தால் வரிசைக்கு வரும், பாதி வராது. எது எது என்று சொல்லமாட்டார். புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு வராததைத்தான் கொடுப்பார். அவர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு மடிப்பதை, டீ குடித்துக்கொண்டே, ஒரு சொட்டுச் சிரிப்பு இல்லாமல் பார்ப்பார். பசையக்காவின் எட்டு வயது மகள் விடுமுறையில் வந்திருந்தபோது அவளுக்கும் வராத ஒன்றைக் கொடுத்தார். குழந்தை ஷிப்ட் முடியும்வரை மடித்து மடித்து அழுதது.

"விடையச் சொல்லித் தொலையேன்டி, பச்சப் புள்ள."

"சொல்லிட்டா அப்புறம் அது எதுக்கு என்னையப் பாக்கும்?" என்றார்.

அவர் பேச்சில் இருந்த உண்மை அவ்வளவுதான். அந்த மேசையில்தான் அவரை நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டில் அவர் ஒரு பொருட்டே இல்லை.

வீட்டில் அவரைத் தவிர மூன்று பேர். கணவர் லாரி ஓட்டுபவர், மாதத்தில் நாலைந்து நாள் தென்படுவார். பின்னறையில் மாமனார். பக்கவாதத்தில் ஒரு பக்கம் செத்துப்போய், மறுபக்கக் கையால் டம்ளரை எடுத்துக் கட்டில் கம்பியில் டங் டங்கென்று தட்டிக் கூப்பிடுகிறவர். அப்புறம் நாத்தனார். கட்டிக்கொண்டவனோடு ஒத்துவராமல் ஆறே மாதத்தில் திரும்பி வந்தவள். எல்லாருக்கும் அவள் சின்னவள். எங்கள் மேசையில் முதலில் சேர்ந்தது அவள்தான். அண்ணியை உள்ளே கொண்டுவந்ததும் அவள்தான். காரணம் இருந்தது. அக்கா காலை ஷிப்ட், ஏழிலிருந்து ஒன்று. சின்னவள் மதியம், ஒன்றிலிருந்து ஏழு. பெரியவரை யாராவது ஒருத்தி பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு மணிக்குக் கம்பெனி வாசலில் இரண்டு பேரும் கடந்து போவார்கள். நின்று பேசமாட்டார்கள். நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போவார்கள்.

"சாப்ட்டாரு. வயிறு போயிருச்சு. துணி ஊறுது."

"அலசலையா?"

"நேரமில்ல. நீங்க அலசிக்கோங்க."

சின்னவளின் விரல்கள் அந்த மேசையிலேயே வேகமானவை. ஒரு மணி நேரத்தில் அண்ணியைவிட ஒரு தட்டு கூடுதலாக மடிப்பாள். ஆனால் அண்ணியின் புதிர்களைத் தொடமாட்டாள். "வேலைக்கு மடிக்கிறதே கை வலிக்குது. இது வேலை இல்லாதவங்க வேல," என்பாள், அண்ணி காதுக்குப் போகும்படி. ஒரு நாள் அக்கா சேர்த்து வைத்திருந்த எண் எழுதிய தாள்களையெல்லாம் எடுத்துச் சமையலறை அலமாரிக்கு அளவு பார்த்து வெட்டி விரித்துவிட்டாளாம். "தட்டுக்கு அடியில சுத்தமா இருக்கட்டுமேன்னு போட்டேன் அண்ணி." இதை மேசையில் சொல்லிச் சிரித்ததும் அவளேதான்.

போன வருஷம் சின்னவள் கம்பெனிக்குப் பக்கத்திலேயே ஓர் அறை பார்த்தாள். மூன்றாவது மாடி, ஒரு ஜன்னல், பைப்பில் எப்போதும் தண்ணீர். சாவியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, எல்லாரையும் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். பிறகு வாசலில் அண்ணியைக் கடக்கும்போது, அன்றைக்கு மட்டும் நின்று சொன்னாள். நான் ரிஜிஸ்டரில் நேரம் குறித்துக்கொண்டு அங்கேதான் இருந்தேன்.

"அடுத்த மாசத்துலேருந்து நான் அங்க இல்ல அண்ணி. உங்க மாமனார நீங்க பாத்துக்கோங்க."

"உனக்கு அப்பா."

"எனக்கு அப்பாதான். வீடு அண்ணன் வீடு. அண்ணன் வீடுன்னா யாரு வீடு? உங்க வீடு."

"நான் வேலைக்கு வர வேணாமா?"

"விட்டுருங்க. காகிதத்த மடிச்சு வெளையாடுறதுக்கு வீட்லயே உக்காந்துக்கலாம். யாரு வேணாம்னா?"

அக்கா விரலுறையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, மாமனாரைப் பார்க்கப் போனார்.

அந்த மாதக் கடைசியில்தான் மெல்லிய தாளையும் சிக்காமல் மடிக்கிற புது இயந்திரம் வந்து இறங்கியது. இனி கைவேலைக்குப் பகல் முழுக்க ஒரே ஷிப்ட், ஐந்து பேர் போதும். ஒன்பதில் நாலு பேர் போக வேண்டும். ஸ்கேலுக்கு ஒரு பயம். யாரை அனுப்பினாலும் அவர்கள் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றுவார்கள். தன் கையால் யாரையும் தள்ளாமல் நாலு பேர் தானாக விழ வேண்டும்.

"அந்தப் புதிர வெச்சே டெஸ்ட் வெச்சுருவோம்," என்று அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னார். "எட்டு பேருக்கு எட்டுத் தாள். அரை மணி நேரம். மொத நாலு பேருக்கு வேலை. நீ தாள் தயார் பண்றதால நீ பரீட்சைக்கு வெளிய. உன் இடம் இருக்கும். நம்ம கணக்கு வாட்ச் பாக்கட்டும்."

செய்தி தெரிந்ததும் மேசை கொதித்தது. நாத்தனாருக்கு லேசானதைக் கொடுத்துவிடுவார் என்பதுதான் எல்லாருக்கும் சந்தேகம். பசையக்கா நேராகவே கேட்டார். "வீட்டுக்குள்ள ட்யூஷன் நடக்குதாமே?"

"நான் யாருக்கும் கையால எடுத்துக் குடுக்கல," என்றார் அக்கா. "எட்டையும் கவுத்து அடுக்கி வெக்கிறேன். அவங்கவங்க இஷ்டத்துக்கு எடுத்துக்கங்க."

பரீட்சை அன்று இரண்டு ஷிப்டும் ஒன்றாக உட்கார்ந்தது. பெரியவருக்கு ஒரு மணி நேரம் துணையாக இருக்கப் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா எட்டுத் தாள்களையும் எண் தெரியாமல் கவிழ்த்து, மேலே ஒரு அட்டையை வைத்து மேசை நடுவில் வைத்தார். மெல்லிய தாளாயிற்றே, அடுக்கில் எது எது என்று பார்த்துவிடக் கூடாது என்றுதான் அட்டை. பிறகு சொன்னார்: "சின்னவளே, நீ மொதல்ல எடு. அப்புறம் யாரும் என்னையச் சொல்லக் கூடாது."

அதுவும் நியாயம்தான் என்று எல்லாரும் தலையாட்டினார்கள். சின்னவள் அட்டையை எடுக்கவில்லை. அடுக்கைக் கொஞ்சம் தூக்கி, அடியிலிருந்து ஒன்றை உருவினாள்.

நான் வாட்சை அழுத்தினேன்.

ஏழாவது நிமிடத்தில் பசையக்கா முடித்துக் கையைத் தூக்கினார். பத்தாவது நிமிடத்தில் இன்னொருவர். எனக்கு நேரெதிரே சின்னவள். அவள் மடித்தாள், பிரித்தாள், புரட்டி மடித்தாள். அந்த வேகத்தைப் பார்த்தால் இதோ முடித்துவிடுவாள் என்றுதான் தோன்றும். பதினான்காவது நிமிடத்தில் அவள் தாளை முழுசாக விரித்து நீவியபோது மேல்வரிசை எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. ஒன்று, ஐந்து, மூன்று, ஏழு.

ஒன்றும் ஐந்தும் ஒட்டியிருக்கின்றன. மூன்றும் ஏழும் ஒட்டியிருக்கின்றன. மடித்து அடுக்கினால் அந்த இரண்டு ஒட்டும் ஒரே பக்கம்தான் விழும். வரிசைப்படி மூன்று, ஒன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் இருந்தாக வேண்டும். ஏழு, ஐந்துக்கு வெளியே இருந்தாக வேண்டும். அப்படி என்றால் ஒரு தாள் இன்னொரு தாளைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வர முடியும். வராது. அரை மணி நேரம் இல்லை, ஆயுசு முழுக்க உட்கார்ந்தாலும் வராது.

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

சொல்லியிருக்க வேண்டும். நான் வேலை நிரந்தரம் ஆகாதவன், ஸ்கேல் பக்கத்தில் நிற்கிறார், பரீட்சையே அவர் யோசனை. நான் வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பதினெட்டாவது நிமிடத்தில் நாலாவது கை உயர்ந்தது. அதோடு முடிந்தது. மற்ற மூன்று பேர் தாளைப் போட்டுவிட்டு எழுந்தார்கள். ஒருத்தி அழுதாள். சின்னவள் மட்டும் எழவில்லை.

"ஏய், வேகக்காரி, எந்திரி. வேகமெல்லாம் எங்க போச்சு?" என்றார் முடித்தவர்களில் ஒருவர்.

"விடுங்கக்கா, வீட்ல அண்ணிகிட்ட ஒழுங்கா நடந்திருந்தா சொல்லிக் குடுத்திருப்பா."

"வரும்," என்றாள் சின்னவள். "ஒரு மடிப்புதான் இடிக்குது. வரும்." அவள் நெற்றியிலிருந்து வியர்வை தாளில் சொட்டி எண் கரைந்தது. மடிப்பு முனையில் தாள் ஓட்டை விழுந்திருந்தது.

முப்பது நிமிடம் முடிந்ததும் ஸ்கேல் நல்ல மனசுக்காரர் மாதிரி அவள் தோள் பக்கத்தில் ஸ்கேலால் தட்டினார். "போயிட்டு வாம்மா. எப்ப மடிச்சு எடுத்துட்டு வர்றியோ அப்ப உன் இடம் உனக்கு." எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சின்னவள் சிரிக்கவில்லை. அதை அவள் வாக்குறுதியாக எடுத்துக்கொண்டாள். தாளை நாலாக மடித்துப் பைக்குள் பத்திரமாக வைத்தாள்.

மறுநாள் காலை அக்கா தண்ணீர் பிடிக்கும்போது கேட்டேன். "அது வராத தாள்க்கா."

"தெரியும்."

"அவங்களுக்குத்தான் போகும்னு எப்படித் தெரியும்? அவங்களாத்தானே எடுத்தாங்க."

"அவ எத எடுத்தாலும் அடியிலேருந்துதான் எடுப்பா தம்பி. தட்டு, துணி, பஸ்ல டிக்கெட்டு குடுத்தாக்கூட, கட்டுல அடியில இருக்கறதக் குடுங்கம்பா. மேல இருக்கறத எல்லாத்தையும் மத்தவங்க தொட்டுக் கெடுத்துருப்பாங்களாம். பன்னெண்டு வருஷமாப் பாக்குறேன்." குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "அவ தனியாப் போயிருந்தா நான் வீட்ல. இப்ப அவ வீட்ல. யாராச்சும் ஒருத்திதான தம்பி?"

"நான் மேனேஜர்கிட்ட சொல்லப் போறேன்."

"சொல்லுங்க. அரை மணி நேரம் வாட்சப் பிடிச்சுட்டு எதிர்க்க நின்னியே, உனக்கு எப்பத் தெரிஞ்சுதுன்னு கேப்பாரு. என்ன சொல்லுவீங்க?"

நான் சொல்லவில்லை.

வாடகைக்கு வழியில்லாமல் சின்னவள் அறைச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள் என்று பசையக்கா சொன்னார். மூன்று மாதம் போயிற்று. எனக்கு வேலை நிரந்தரமாயிற்று. கம்பெனியை விட்டுப் போனவர்களிடம், பாக்கி எதுவும் இல்லை என்று ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கி வர அலுவலகத்தில் என்னைத்தான் அனுப்பினார்கள். ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு அந்த வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"தெறந்துதான் இருக்கு," என்று குரல் வந்தது.

முன்னறையைத் தாண்டிப் பின்னறை. கட்டிலில் பெரியவர். தரையில் சின்னவள். அவளைச் சுற்றிலும் மடித்த தாள்கள். பழைய காலண்டர், நோட்டுப் புத்தகத் தாள், மருந்துச் சீட்டு, எல்லாவற்றிலும் எட்டுக் கட்டம் போட்டு அதே எண்கள். முதல் தாள் மட்டும் கிழிசலுக்கு டேப் ஒட்டி ஒரு புத்தகத்துக்குள் இருந்தது. அவள் விரல் நுனிகள் வெடித்திருந்தன. துணி துவைத்தா, தாள் மடித்தா, தெரியவில்லை.

"வாங்க கணக்கு சார். நல்ல நேரத்துல வந்தீங்க." அவள் குரலில் பழைய துடுக்கு கொஞ்சம் மிச்சம் இருந்தது. "ஆறு வரைக்கும் வரிசையா வந்துருது. இந்த ஏழுதான் வெளிய நிக்குது. அண்ணிகிட்ட தினம் கேக்குறேன். கிட்ட வந்துட்ட, இன்னும் கொஞ்சம் யோசின்றாங்க. சொல்லித்தர மாட்டேன்றாங்க. சொல்லித்தந்தா அது நான் மடிச்சதா ஆகாதாம். அதுவும் சரிதான், இல்ல?"

டங் டங்கென்று கம்பி ஒலித்தது. அவள் எழுந்து போய்ப் பெரியவரைப் புரட்டிப் படுக்க வைத்து, வாயைத் துடைத்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள். அதற்குள் நான் ஒரு தாளை எடுத்து மேல்வரிசையை மட்டும் கிழித்து வைத்திருந்தேன்.

"இது வராதுக்கா."

"எது?"

"இந்தத் தாள். யார் மடிச்சாலும் வராது. இங்க பாருங்க, ஒண்ணும் அஞ்சும் இந்தப் பக்கம் ஒட்டியிருக்கு. மூணும் ஏழும் அதே பக்கம்தான் வரும். மூணு உள்ள போகணும், ஏழு வெளிய..."

அவள் என் கையிலிருந்து நாடாவை வாங்கினாள். ஒரு தடவை மடித்தாள். இரண்டாம் தடவை பாதி மடிப்பிலேயே நிறுத்தினாள். ஐந்து வருஷம் தாள் மடித்த கை. சேர்ந்த புதிதில் அந்த அச்சுத் தப்பை ஒத்துக்கொள்ள எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது. இது அவளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"போதும் சார். புரிஞ்சிருச்சு."

நாடாவைப் பிரித்துத் தரையில் வைத்து நீவினாள். பிறகு, "அண்ணிக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"எழுதும்போதே."

"உங்களுக்கு?"

நான் பையிலிருந்து காகிதத்தை எடுத்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், நான் பதில் சொல்ல வேண்டிய நேரம் முழுக்க. அப்புறம் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். தரையில் கிடந்த தாள்களை ஒன்று விடாமல் பொறுக்கி அடுக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டாள். "தண்ணி குடிக்கிறீங்களா சார்?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதாகப் பசையக்கா சொன்னார். நான் போன ஒரு மணி நேரத்தில் சின்னவள் அப்பாவுக்குச் சோறு ஊட்டி, துணி மாற்றி, டம்ளரில் தண்ணீர் வைத்துவிட்டு, ஒரு பையோடு வெளியே போனாள். பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து, "கடைக்குப் போறேன்," என்றாளாம். அக்கா வேலை முடிந்து வீட்டுக்குப் போனபோது மணி ஆறாகப் பத்து நிமிடம். பெரியவர் ஈரத்தில் கிடந்தார். டம்ளர் கைக்கெட்டாமல் உருண்டு கிடந்தது. அதற்கப்புறம் வெறும் விரல் முட்டியாலேயே கம்பியைத் தட்டியிருக்கிறார். தோல் உரிந்து கம்பியெல்லாம் ரத்தம்.

நாலு நாள் விடுப்பு கேட்டார் அக்கா. ஸ்கேல் இரண்டு நாள் கொடுத்தார். மூன்றாம் நாள் லாரிக்காரர் வந்தார்.

"வேலைய விட்டுரு," என்றாராம்.

"பகலுக்கு ஒரு ஆள் வெக்கலாம்."

"அவ இருந்தப்போ ஆள் வெச்சமா?"

அவ்வளவுதான் பேச்சு. சாயங்காலமே திரும்ப லாரி ஏறிவிட்டார்.

அக்காவின் கையெழுத்து வாங்கவும் நான்தான் போக வேண்டியிருந்தது. கதவைத் திறந்தவர் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. உள்ளே வரச் சொன்னார். சமையலறை அலமாரியில் தட்டுகளுக்கு அடியில் வெட்டி விரித்த தாள்கள் அப்படியே இருந்தன, எண்ணெய்க் கறையோடு. மாமனாருக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டே பேசினார்.

"என் இடத்துல யாரு?"

"யாரும் இல்லக்கா. நாலு பேர வெச்சே ஓட்டுறாங்க."

"புதிரு கிதிரு?"

"யாரும் பேசறதில்ல."

கரண்டியைக் கீழே வைத்தார். "அன்னைக்கு நீங்க வாயத் தொறந்திருந்தா அவ வேலை நெலச்சிருக்கும் தம்பி. தொறக்கல. மூணு மாசம் கழிச்சுத் தொறந்தீங்க, என் வேலை போச்சு. ரெண்டு தடவையும் உங்களுக்கு ஒண்ணும் ஆகல. நல்லாப் படிச்சிருக்கீங்க."

காகிதத்தை நீட்டினேன். சுவரில் வைத்து, பெயரை எழுத்துக் கூட்டி எழுதிக் கொடுத்தார்.

"அவ எங்க இருக்கான்னு தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாதுக்கா."

"தெரிஞ்சாலும் சொல்லமாட்டீங்க. சொல்லணும்னு தோணினா அடுத்த வருஷம் வந்து சொல்லுவீங்க." பின்னறையில் டம்ளர் ஒலித்தது. "வர்றேன், வர்றேன், செத்தா போயிட்டேன்?" என்று கத்திக்கொண்டே எழுந்து போனார். நான் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன்.

சின்னவள் வேறொரு ஊரில் அட்டைப்பெட்டி செய்கிற இடத்தில் இருப்பதாகப் பிறகு கேள்விப்பட்டேன். வீட்டுக்கு ஒரு வரி எழுதவில்லை, ஒரு போன் இல்லை. எட்டுமடிப்பு அக்கா அந்த வீட்டிலேயே இருக்கிறார். மாமனாருக்கு எண்பத்திரண்டு முடிந்துவிட்டது. போன மாதம் வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர், இதயம் நன்றாக இருக்கிறது, இன்னும் பல வருஷம் இருப்பார் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.